முன் ஃபோர்க் ஆயில் சீல்: வீட்டு வாசலிலேயே மாற்றலாம்

பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்தான் ஃபோர்க். அதன் பளபளக்கும் பைப்பை விரலால் தடவிப் பாருங்கள். கருப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால், உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீல் ஒழுகுகிறது. உடனே கடைக்கு ஓட வேண்டாம். சீல் உதட்டில் மண் சிக்கினாலும் ஒழுகும். அதற்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை மேலே தள்ளி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய கீற்றை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். துடைத்து ஓட்டிய பிறகும் ஈரம் வந்தால் கழற்றிவிடலாம்.

இங்கே சொல்வது 100-150 சிசி வண்டிகளின் சாதாரண ஃபோர்க்குக்கு. ஒரு பக்கம்தான் ஒழுகினாலும் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல், அடி போல்ட்டுக்குச் செம்பு வாஷர் வாங்குங்கள். ஃபோர்க் ஆயிலின் கிரேடும் அளவும் மேனுவலில் இருக்கும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜின் அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக்கூடாது, பிரேக் லீவரையும் தொடக்கூடாது. சக்கரம், மட்கார்டு அடுத்து.

ஃபோர்க்கை உருவும் முன் இரண்டு வேலை. மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, மேல் மூடியைக் கால் சுற்று இளக்குங்கள். அவுட்டரை (பைப் நுழைந்திருக்கும் கீழ்க் குழாய்) ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, அடி ஆலன் போல்ட்டையும் இளக்குங்கள். முதல் தடவை இதைச் செய்யாமல் உருவிவிட்டேன். போல்ட்டோடு உள்ளே ராடும் சேர்ந்து சுற்ற, அரை நாள் போனது.

இப்போது உருவி, மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடியே திறங்கள்; ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும். பழைய எண்ணெயைக் கொட்டி, டஸ்ட் சீல், ஆயில் சீலைப் பிடித்திருக்கும் லாக் ரிங், அடி போல்ட் கழற்றினால் பைப் வெளியே வரும். சீல் அவுட்டரில் நின்றால், விளிம்பில் மரத்துண்டு வைத்து நெம்புங்கள். அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது.

பைப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் ஓடும் இடத்தில் நகம் தட்டினால் துரு குரோமைத் தின்றிருக்கிறது. அதில் எந்தப் புது சீலும் நிற்காது, பைப்பையே மாற்ற வேண்டும்.

பைப்பை அவுட்டரில் இறக்கி, புது செம்பு வாஷரோடு அடி போல்ட்டை முடுக்குங்கள். பைப் முனையில் பாலித்தீன் பையைச் சுற்றி, சீல் உதட்டில் ஃபோர்க் ஆயில் தடவி இறக்குங்கள். எழுத்துள்ள முகம் மேலே, சீலுக்குள் மெல்லிய ஸ்பிரிங் தெரியும் முகம் கீழே. மேலே பழைய சீலை வைத்து, பைப் நுழையும் அளவு பிவிசி குழாயால் நேராகத் தட்டுங்கள். லாக் ரிங்குக்கான பள்ளம் முழுதாகத் தெரிந்தால் சீல் உட்கார்ந்துவிட்டது; லாக் ரிங்கையும் டஸ்ட் சீலையும் போடுங்கள்.

எண்ணெயை அளந்து, இரண்டு பக்கமும் சமமாக ஊற்றி, குமிழி அடங்கும்வரை பம்ப் செய்யுங்கள். ஸ்பிரிங்கை விட்டு மூடியை முடுக்கி, ஃபோர்க்கைத் திரும்ப மாட்டுங்கள்; பைப் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சக்கரத்தின் ஆக்சிலைக் கடைசியாக முடுக்கும் முன் ஃபோர்க்கை நாலு முறை அழுத்திவிடுங்கள். எண்ணெய் குடித்த பிரேக் பேடு துடைத்தாலும் தேறாது, மாற்றுங்கள். வண்டியை எடுக்கும் முன் பிரேக் லீவர் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். முதல் அழுத்தில் அது பிடிப்பே இல்லாமல் லூஸாகத்தான் போகும்.