சேலத்தில் சட்ட உதவி வக்கீலாகத் தொடங்குவது எப்படி

"மேடம், ஏழைகளுக்காக வாதாடணும். எங்கே தொடங்கறது?" என்று ஜூனியர்கள் கேட்கும்போது, அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்திலேயே என்பேன். சேலம் வக்கீல்களுக்கு இது புதிதல்ல. 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1900இல் இங்கே தொழில் தொடங்கிய ராஜாஜி 1917இல் நகராட்சித் தலைவரானார். இருவருக்கும் அடித்தளம் இந்த ஊர்தான்.

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர, 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அதுவரை பட்டியலில் உள்ள ஒரு சீனியரிடம் சேர்ந்து, சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்குப் போங்கள். ஏற்காட்டில் முகாம் என்றால் தவறவிடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் உட்கார்ந்தால்தான், கோர்ட்டுக்கு வர மலை மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று புரியும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும்.

அப்புறம் யாருக்கு இலவச உதவி உண்டு என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. இதைத் தெரியாமல்தான் பலர் திரும்பிப் போகிறார்கள்.

எனக்கு மறக்காதது ஒரு பாட்டி. ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி. மஞ்சப்பையில் ரேஷன் அட்டையும் நிலத்துக்கான நான்கு மடிப்புக் காகிதமும். வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று யாரோ அவரை இரண்டு முறை அலைய விட்டிருந்தார்கள். பெண் என்பதே போதும், அந்தச் சான்றிதழே தேவையில்லை! நான் எழுத ஆரம்பித்ததும் "சாமி, நான் சொல்றபடியே எழுது" என்றார். சரி என்று அவர் வார்த்தையிலேயே எழுதினேன். மடிப்பில் கிழிந்திருந்த சர்வே எண்ணை அவரே விரலால் தொட்டுக் காட்டினார்.

மனு எழுதும்போது நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். முதலில் முழுக்கக் கேளுங்கள், பிறகு தேதிவாரியாக எழுதுங்கள், எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அசல் ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. டீ செலவானாலும் உங்களுடையதுதான்.

வழக்குகளைப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசம் ஆனால் அந்தத் தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதனால் கைநாட்டு வைக்கும் முன் ஒவ்வொரு வரியையும் அவர்கள் பேச்சில் விளக்குங்கள். அந்தப் பாட்டிக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறைதான் தலையாட்டினார், அப்புறமே மையைத் தொட்டார்.

நேரில் வர முடியாதவர்களுக்கு 15100 என்ற இலவச சட்ட உதவித் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.