ஓடும்போது கார் உதறுகிறதா? பார்ட் வாங்கும் முன் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வண்டி உதறும், பிக்கப் வராமல் திணறும். மெக்கானிக்கிடம் சொன்னால் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார். நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்றில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் கார்களில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும்தான். இரண்டில் எது, எந்த சிலிண்டரில் என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். புதிதாக எதையும் வாங்கி மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் பெட்ரோல் காரை வைத்துத்தான் சொல்கிறேன். இப்போது ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அது வேறு கதை.

உதறுவது எஞ்சின்தானா?

80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். முதல் கியரில் நகரும்போது மட்டும் என்றால் கிளட்ச். ஐந்தாவது கியரில் 30-இல் போய்க்கொண்டே அழுத்தினால் எந்த வண்டியும் உதறும், கியரைக் குறையுங்கள். இவை எதுவும் இல்லை, அழுத்தும்போது உதறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது, சிக்னலில் நிற்கும்போதும் லேசாகத் துடிக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

செக் என்ஜின் விளக்கு

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். உதறலோடு விளக்கும் விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் உருகிப்போனால் அதை மாற்ற ஆகும் செலவோடு பார்த்தால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

கோளாறு எண்ணை (கோடு) படிப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் பக்கத்தில், 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். வண்டி பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் சிறு கருவியான ஓபிடி ஸ்கேனரை அதில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணையுங்கள். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது. எண்ணிக்கை பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து தொடங்கும். சில பிரெஞ்சு எஞ்சின்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து. மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காயிலை இடம் மாற்றுவது

இதுதான் முக்கியமான வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். 10 மி.மீ. சாக்கெட், எக்ஸ்டென்ஷன் ராடு, பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சில புது எஞ்சின்களுக்கு 14) போதும்.

மேலே உள்ள பிளாஸ்டிக் கவரை எடுத்தால் வரிசையாக நாலு காயில் தெரியும். ஒயர் கனெக்டரின் பூட்டை அழுத்தியபடி இழுங்கள். எஞ்சின் சூட்டில் வறண்டுபோன பிளாஸ்டிக் அது, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பட்டென்று உடையும். போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகியபடி மேலே தூக்குங்கள்.

தூக்கியதும் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் நின்றால் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பக்கத்து சீல் ஒழுகுகிறது. தண்ணீர் நின்றால் அண்மையில் எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் செய்திருப்பீர்கள்! துடைத்துக் காயவைத்தாலே சில சமயம் உதறல் போய்விடும். காயிலின் ரப்பர் குழாயில் கருப்புக் கோடு ஓடியிருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிகிறது.

இப்போது மூன்றாவது சிலிண்டர் காயிலை இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை மூன்றாவதில். எல்லாவற்றையும் மாட்டி, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்து, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி படியுங்கள். பி0302 என்று மாறினால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, அந்த ஒரு காயிலை மட்டும் வாங்குங்கள். பி0303-ஆகவே நின்றால் காயில் மீது தப்பில்லை. அதே போல பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புதிதாகக் கற்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம் அது.

பிளக் சொல்லும் சேதி

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க்கே வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல், அது மெக்கானிக் வேலை. முனையில் ஸ்பார்க் தாவும் இடைவெளி பொதுவாக 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள் வரும், உங்கள் வண்டிக்குரிய அளவு மேனுவலில் இருக்கும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக் காயிலையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் காயில் புதிதாகப் போடும்போது பழைய பிளக்கோடு விடாதீர்கள்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்று கையால்தான். பிளக் உட்காரும் எஞ்சின் ஹெட் அலுமினியம், மரை ஏறுமாறாகப் போனால் பெரிய செலவு. உட்கார்ந்த பின், புது வாஷர் உள்ள பிளக்குக்கு இன்னும் அரைச் சுற்று போதும், பழைய பிளக்குக்கு லேசான ஒரு இழுப்பு.

கேஸில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு ஒன்று: பெட்ரோலில் ஒழுங்காக ஓடி கேஸில் மட்டும் உதறினால் கேஸ் கிட்டைப் பிரிக்கும் முன் பிளக்கைப் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்ட் தேவை, சோர்ந்த பிளக் அங்கேதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டையும் மாற்றியும் போகவில்லை என்றால்

கோடு அதே சிலிண்டரில் நின்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). பி0300 என்று வந்து எல்லா சிலிண்டரும் மாறி மாறி மிஸ் ஆனால் பெட்ரோல் பம்ப், கெட்ட பெட்ரோல், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. கூடவே பி0171-உம் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கோடு) வந்தால் ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ்களை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு ஒளிந்திருக்கும். இதற்கு மேல் கம்ப்ரஷன் கேஜ், ஃப்யூயல் பிரஷர் கேஜ் இல்லாமல் நகர முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ‘காயிலும் பிளக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தாச்சு, கோடு மூணுலயே நிக்குது’ என்று சொல்லிவிடுங்கள். அவர் நேராகக் கம்ப்ரஷனிலிருந்தே ஆரம்பிப்பார்.