இழுக்காத வண்டிக்கெல்லாம் கியர் பாக்ஸா காரணம்?

"வண்டி இழுக்க மாட்டேங்குது." இதை மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் பழைய டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். வட சென்னையில் மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது பின்னால் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வர, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் என் வண்டி முனகிக்கொண்டு முப்பதிலேயே நின்றது. இரண்டு இடங்களில் காட்டினேன். இரண்டிலும் ஒரே தீர்ப்பு: "கியர் பாக்ஸ் ஸ்லிப் ஆகுது சார், இறக்கணும்." ஒருவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகப் போனது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயிடம். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க ரோட்டைப் பாருங்க சார், முள்ளை நான் பார்த்துக்கறேன்" என்றார். அதே பாலம், அதே முனகல். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2000-ஐத் தாண்டவே இல்லை. "ஸ்லிப்னா முள்ளு பறக்கும், வண்டி நிக்கும். இதுல ரெண்டுமே சேர்ந்து தூங்குது." இறங்கி பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டார். விரலெல்லாம் கரி கலந்த எண்ணெய். ஹோஸ் கிளாம்புக்குக் கீழே கிழிந்திருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கியர் ஸ்லிப் ஆனால் என்ஜின் வேகம் ஏறும், சக்கரத்தின் வேகம் கூடவே ஏறாது. இரண்டும் சேர்ந்து மந்தமாக இருந்தால் முதலில் என்ஜின் பக்கம் தேடுங்கள். டர்போ ஹோஸ் கிழிசல், கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்கு விடுவது), அழுக்கேறிய டீசல் ஃபில்டர் எல்லாமே ஓட்டுபவருக்குக் கியர் பாக்ஸ் கோளாறு மாதிரிதான் தெரியும். லிம்ப் மோடும் அப்படித்தான். கோளாறு கண்டதும் கம்ப்யூட்டர் வண்டியை ஏதாவது ஒரு கியரிலேயே, பல வண்டிகளில் மூன்றிலோ நான்கிலோ, பூட்டிவிடும். சிக்னலில் எடுக்கும்போது வண்டி செத்த மாதிரி நகரும். அது ஸ்லிப் இல்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: சரியாக வேலை செய்யும் வண்டியைச் சந்தேகப்படுவது. டார்க் கன்வெர்ட்டர் என்பது என்ஜினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் சாதனம். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது ஆர்பிஎம் முதலில் ஏறி, வண்டி கொஞ்சம் பின்தங்கி வருவது அதன் இயல்பு. ஓவர்டேக்குக்கு அழுத்தி மிதித்தால் ஒரு கியர் இறங்கி முள் துள்ளுவதும் அப்படியே. சந்தேகப்பட வேண்டியது வேறு: இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் முள் மேலே துள்ளி, பிறகு "டொக்" என்று பிடிப்பது. டி-யோ (முன்னே) ஆர்-ஓ (பின்னே) போட்டபின் வண்டி யோசித்துவிட்டு நகர்வது. அல்லது காலை அசைக்காமல் ஒரே வேகத்தில் போகும்போது முள் மட்டும் ஏறி இறங்குவது.

இந்தக் கடைசி வகைக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 70-க்கு மேல் சீராகப் போகும்போது, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் லேசாகத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபட்டு முள் 200, 300 ஏறும். காலை எடுத்ததும் இறங்கும். எதுவுமே நடக்காவிட்டால் லாக்-அப் பிடிக்கவே இல்லை என்று சந்தேகப்படலாம்.

இதை அதிகாலையில் எண்ணூர் விரைவுச்சாலை காலியாக இருக்கும்போது செய்துவிட்டு "நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல கியர் பாக்ஸ்கள் சூடானால்தான் வாயைத் திறக்கும். எண்ணெய் சூட்டில் இளகும்போது தேய்ந்த சீல் வழியாக அழுத்தம் கசிய ஆரம்பிக்கும். திருவொற்றியூரில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து அதே சோதனையைச் செய்யுங்கள். ஏற்றமும் வேண்டும். நம் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தானே, மூலக்கடையோ பெரம்பூரோ ஏறிப் பார்த்தால் போதும்.

அடுத்து ஏடிஎஃப், அதாவது கியர் பாக்ஸ் ஆயில். இதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். என்ஜின் ஆயில் பார்க்கும் பழக்கத்தில், ஆறிய வண்டியில் டிப்ஸ்டிக்கை உருவி, "குறைவா இருக்கு" என்று ஊற்றிவிடுவார்கள். டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் எண்ணெய் சூடாகி, சமதளத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-யில் (பார்க்கிங்) வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறியபோது 'ஹாட்' கோடு வரை நிரப்பினால், சூடானதும் அளவு மிஞ்சும். உள்ளே சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், பம்ப் நுரையை உறிஞ்சும், அழுத்தம் விழும், இல்லாத ஸ்லிப் புதிதாக வரும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் நிறைய. அவற்றில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் எண்ணெய்ச் சூடு பார்த்து, அடியில் உள்ள பிளக் வழியாக அளக்க வேண்டும். வீட்டு வாசலில் ஆகிற வேலை இல்லை.

என்ஜின் ஆயில் மாதிரி இது எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ராயபுரம், காசிமேடு என்று கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்த ஆயிலைக் குளிரவைக்கும் கூலருக்குப் போகும் இரும்புக் குழாயைத் தடவிப் பாருங்கள். துருவுக்குக் கீழே ஈரம் இருக்கலாம்.

நிறமும் பேசும். சிவப்பாக இருந்தால் நிம்மதி. பழுப்பு, வயசு. கருப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் எரிகிறது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் அங்கேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம், அல்லது வெள்ளத்தில் தண்ணீர் ஏறியிருக்கலாம். கிளட்ச் தட்டில் காகிதம் போன்ற உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடும். வியாசர்பாடி, மணலி, எண்ணூர் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அது எங்கே நின்றது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எண்ணூர் பக்கம் அப்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒருமுறை நீந்திய வண்டியும் இதே கணக்குதான்.

எந்த ஆயில் என்பதில் "எல்லாம் சிவப்புதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அந்த ஆயிலில் கலந்த வேதிப்பொருள்தான் முடிவு செய்கிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்ட வகையை மட்டும் ஊற்றுங்கள். கூடவே, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகைக் கியர் பெட்டி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இரட்டை உலர் கிளட்ச், டிசையர் டீசல் ஏஜிஎஸ்ஸில் இருப்பது சாதாரண கிளட்ச்சை நம் காலுக்குப் பதில் இயந்திரமே மிதிக்கும் ஏற்பாடு. இவற்றில் ஸ்லிப் என்றால் பெரும்பாலும் தட்டுத் தேய்மானம். இதுவரை சொன்ன ஆயில் கதை இவற்றுக்குப் பொருந்தாது.

ஸ்கேனர் விஷயத்தில் இரண்டு தவறு. மலிவான ரீடர் பல வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரைத் தொடாது. அதில் 'கோட் இல்லை', அதாவது கோளாறு எண் எதுவும் இல்லை, என்று வந்தால் அர்த்தம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, எழுதி வைக்காமல் கோடை அழித்துவிடுவது. பி0730 என்றால் கியர் விகிதம் ஒத்துவரவில்லை, பி0741 என்றால் லாக்-அப் பிடிக்கவில்லை. சோலினாய்டு (எண்ணெய் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) கோட் வந்தால் பாகத்தை வாங்க ஓடாமல், முதலில் பேட்டரி வோல்டேஜையும் எர்த் ஒயரையும் பாருங்கள். உப்புக் காற்றில் எர்த் பச்சை பூத்த வண்டி இல்லாத பொய்யெல்லாம் சொல்லும்.

பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு ரேஸ் கொடுக்கும் ஸ்டால் டெஸ்ட் வீட்டில் வேண்டாம். ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் நல்ல கன்வெர்ட்டரும் வெந்துவிடும்.

எல்லாம் பார்த்து, அடியில் எண்ணெய் நிற்கும் தட்டான சம்பைக் கழற்றியும் பார்த்து, அடியில் காந்தத்தில் ஒட்டியது மெல்லிய சாம்பல் பசை என்றால் அது சாதாரணத் தேய்மானம். பளபளக்கும் சில்லுகளும் கருப்புத் துகளும் கிடந்தால் பெட்டி உண்மையிலேயே போய்விட்டது. அப்போது புதுப்பேட்டையில் பழைய பெட்டி தேடுவீர்கள், சரி. ஆனால் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமலோ மாற்றாமலோ அதைப் பொருத்தாதீர்கள். பழைய பெட்டியின் குப்பை அதில்தான் தங்கியிருக்கும், புதிதாக வந்ததையும் அது தின்றுவிடும்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க நாலு பேர் வருவார்கள், நம் ஏரியாவில் அதற்குப் பஞ்சமில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் எண்ணெய்ப் பம்பை என்ஜின்தான் சுற்றுகிறது. அது நின்றிருக்கும்போது என்ஜினின் விசை போய்ச் சேரும் சக்கரம் தரையில் உருண்டால், உள்ளே எல்லாம் வறண்டபடி உராயும். நாலு சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி வண்டி வரும்வரை பக்கத்தில் ஒரு டீ குடிக்கலாம்.