நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எந்த அளவு ஹொட் டப்? ஒன்ராறியோ பின்வளவுக்கு அளவு பார்க்கும் முறை

வெளியே வைக்கும் வெந்நீர்த் தொட்டியான ஹொட் டப்பில், கடையில் "ஆறு பேருக்கு", "எட்டுப் பேருக்கு" என்று ஒட்டி வைத்திருக்கும் எண், தொட்டிக்குள் எத்தனை இருக்கை வார்த்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. இறங்கும்போது காலை வைக்கும் மூலைப் படியையும் ஓர் இருக்கையாகக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எல்லா இருக்கைகளும் நிறைந்தால் நடுவில் உள்ள பள்ளத்தில் பன்னிரண்டு, பதினாறு கால்கள் சிக்கிக்கொள்ளும். வளர்ந்தவர்கள் தோளும் முழங்காலும் இடிபடாமல் அரை மணி நேரம் இருக்க வேண்டுமானால், ஒட்டியிருக்கும் எண்ணில் இரண்டைக் கழித்துவிடுங்கள். ஆறு என்றால் நாலு, நாலு என்றால் இரண்டு.

அடுத்து, வீட்டில் யார் உண்மையில் இறங்குவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆளின் பெயர், உயரம், வாரத்தில் எத்தனை தடவை. பிறந்தநாளுக்கு வரும் பத்துப் பேரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர்கள் முறை வைத்து இறங்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஹொட் டப்பில் இறக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது உகந்ததல்ல. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள அம்மம்மா, அப்பப்பா இருந்தால் முதலில் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். தண்ணீரின் சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் இறங்கும் நாளில் 36, 37 போதும்.

சந்தையில் கிடைக்கும் அளவுகள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். இரண்டு மூன்று பேருக்கானது ஐந்தடிக்கு ஏழடி, 700 முதல் 1,000 லிட்டர். நாலு ஐந்து பேருக்கானது ஆறரை அல்லது ஏழடிச் சதுரம், 1,000 முதல் 1,300 லிட்டர். ஆறு ஏழு பேருக்கானது ஏழரை அடி, 1,300 முதல் 1,600 லிட்டர். எட்டடிச் சதுரத் தொட்டி 1,700 லிட்டருக்கு மேலே போகும். ஒரே நீள அகலத்தில் இரண்டு மொடல்கள் 200 லிட்டர் வித்தியாசப்படுவது சாதாரணம். ஆகவே இருக்கைக் கணக்கை விட்டுவிட்டு, விவரத் தாளில் லிட்டர் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அடுத்த கணக்கு முழுக்க அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

குளிர்காலத் தண்ணீர்க் கணக்கு

ஒன்ராறியோவில் ஹொட் டப் அளவைத் தீர்மானிப்பது டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரையான காலம்தான். அந்த மாதங்களில் தண்ணீர் மாற்றுவது பெரிய தலைவலி. தோட்டத்துக் குழாயை நவம்பரிலேயே உள்ளே பூட்டி, மிச்சத் தண்ணீரையும் வடித்திருப்பீர்கள். நிரப்புவதற்கு பேஸ்மென்டில் துணி துவைக்கும் தொட்டியிலிருந்து ஜன்னல் வழியே குழாய் இழுக்க வேண்டும். அதைவிட ஆபத்து, தொட்டி வெறுமையாக நிற்கும் அந்தச் சில மணி நேரம். வெளியே மறை 15 இருந்தால் பம்புக்குள்ளும், தண்ணீரைப் பீச்சும் ஜெட் குழாய்களின் வளைவுகளிலும் தேங்கிய தண்ணீர் உறைந்து பிளந்துவிடும். அந்த வெடிப்பு அன்று தெரியாது. நிரப்பிச் சூடாக்கிய பிறகு அடியில் சொட்டுச் சொட்டாக வரும்.

ஆகவே டிசம்பர் தொடக்கத்தில் நிரப்பிய தண்ணீர் மார்ச் நடுப்பகுதி வரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். துறையில் உள்ளவர்கள் பாவிக்கும் கணக்கு ஒன்று உண்டு. லிட்டரை 11.4ஆல் வகுத்து, வரும் எண்ணைத் தினமும் சராசரியாக இறங்குவோர் எண்ணிக்கையால் இன்னொரு தடவை வகுத்தால், தண்ணீர் எத்தனை நாள் பிடிக்கும் என்பது வரும்.

நாலு பேர் வாரத்தில் இரண்டு தடவை இறங்கினால் வாரத்துக்கு எட்டு, அதாவது நாளுக்கு 1.14 பேர். 1,400 லிட்டர் தொட்டி என்றால் 108 நாள். டிசம்பர் 1இல் நிரப்பினால் மார்ச் நடுப்பகுதியைத் தாண்டிவிடும். அதே குடும்பம் 800 லிட்டர் தொட்டி வாங்கினால் 61 நாள்தான். ஜனவரி கடைசி, வருடத்திலேயே மிகக் கடுமையான குளிரில் தண்ணீர் இறைக்க வேண்டி வரும். கணவன் மனைவி இருவர் மட்டும் வாரம் மூன்று தடவை இறங்கும் வீட்டுக்கு 1,000 லிட்டரே 102 நாள் கொடுக்கும், அவர்களுக்குப் பெரியது தேவையில்லை.

இந்த எல்லையைத் தாண்டினால் தண்ணீரில் வியர்வையும் சோப்பும் கரைந்து தேங்கி, ஜெட்டைப் போட்டவுடன் நுரை கிளம்பும். குளோரின் போட்டாலும் அடுத்த நாள் காலையில் சோதனைப் பட்டியில் நிறம் வராது. சிறிய தொட்டியில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் ஒரே அளவு அழுக்கு குறைந்த தண்ணீரில் கலக்கிறது. குளோரின் 3 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பிஎச் 7.2 முதல் 7.8 என்று வைத்திருக்க வேண்டும். குளோரின் அந்த அளவுக்குக் கீழே போன தண்ணீரில் இறங்கினால் உடம்பில், முக்கியமாகக் குளியல் உடை ஒட்டும் இடங்களில், சிவந்த பரு போடும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய். அது 24 பாகை அளவில் உறையும். தொட்டியின் சூட்டில் உருகி ஃபில்டரின் மடிப்புகளுக்குள் போய்விடும். பிறகு ஃபில்டரைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் கழுவும்போது அந்த மடிப்புகளுக்குள்ளேயே வெள்ளைக் கொழுப்பாக இறுகிவிடும், எவ்வளவு பீச்சியடித்தாலும் வராது. ஃபில்டர் அடைபட்டால் தண்ணீர் ஓட்டம் குறையும், ஹீட்டர் தன்னைப் பாதுகாக்க நின்றுவிடும், திரையில் ஓட்டம் குறைவு என்ற பிழைக் குறி வரும். எண்ணெய் முழுக்கு வைத்த நாளில் ஹொட் டப் வேண்டாம். மற்ற நாட்களிலும் தலையை ஷாம்பு போட்டு அலசிவிட்டு, நீண்ட கூந்தலை முடிந்துகொண்டு இறங்குங்கள். கையில் இரண்டாவது செட் ஃபில்டர் இருந்தால், ஒன்றைச் சுத்திகரிப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறப் போட்டுவிட்டு மற்றதை மாட்டலாம்.

பெரியதாக வாங்கினால் என்ன கெடும்

தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்த்தால் எட்டடித் தொட்டிதான் நல்லது என்று தோன்றும். ஆனால் வெப்பம் பெரும்பாலும் மேற்பக்கத்தால்தான் போகிறது. ஆறரை அடிச் சதுரத்தின் மேற்பரப்பு 42 சதுர அடி, எட்டடிச் சதுரத்தினது 64. ஒன்றரை மடங்கு பரப்பை நாலு மாதம் பனிக்கு நடுவே சூடாக வைத்திருக்கிறீர்கள். மூடியும் அதற்கேற்ப பெரியது. அதன் உள்ளிருக்கும் நுரைப் பலகை சில வருடங்களில் ஈரம் குடித்து, வாங்கியபோது ஒரு கையால் தூக்கியதை இருவர் தூக்க வேண்டியதாகிவிடும். மேலே பனியும் கிடந்தால் அம்மா தனியாகத் திறக்க மாட்டார். திறக்கக் கஷ்டமான தொட்டியை இரண்டாம் வருடம் யாரும் திறப்பதில்லை.

தண்ணீர் மட்டமும் ஒரு சங்கதி. மார்பு வரை அமிழும் பெரியவர் ஒருவர் ஏறத்தாழ 60 லிட்டர் இடத்தைப் பிடிக்கிறார். எட்டுப் பேர் இறங்கினால் தண்ணீர் வழிந்து போகும், அவர்கள் வெளியே வந்ததும் மட்டம் குறைந்து ஃபில்டர் வாய்க்குக் கீழே போய்விடும். பம்ப் காற்றை இழுத்து இரையும். உடனே நிரப்பாவிட்டால் சுற்றோட்டம் நின்று உறையும் அபாயம். கொண்டாட்டம் முடிந்ததும் மட்டத்தைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

லவுஞ்சர் என்று விற்கும் சாய்ந்து படுக்கும் இருக்கை ஒன்று, இரண்டு பேர் உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்குக் கால் மிதிக்க இடம் எட்டாமல் உடம்பு மிதந்து எழும்பும். ஆறடிக்காரருக்கு முழங்கால் வெளியே நிற்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எல்லாம் இருக்கையாக உள்ள மொடலே நல்லது. முதியவர்கள் இறங்குவதானால் தொட்டியின் உயரத்தையும் பாருங்கள்: 38 அங்குல விளிம்பைவிட 33 அங்குல விளிம்பைத் தாண்டுவது எவ்வளவோ சுலபம். படியும் கைப்பிடியும் சேர்த்தே வாங்குங்கள்.

நிலமும் மின்சாரமும்

ஏழரை அடித் தொட்டியின் எடையைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் 1,400 கிலோ, வெறும் தொட்டி 380 கிலோ, ஆறு பேர் 450 கிலோ, மொத்தம் 2,230 கிலோ. சதுர மீற்றருக்கு 425 கிலோவுக்கும் சற்று மேல். சாதாரண வீட்டு டெக் 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீற்றருக்கு 194 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் பாரம் ஏறுகிறது. பொறியியலாளர் பார்த்து ஒப்பமிடாத டெக்கில் வைக்காதீர்கள். நிலத்தில் ஆறு அங்குலம் சல்லி போட்டு இறுக்கி, அதன்மேல் நாலு அங்குலக் கொங்கிறீட் தளம் போதும். தனித்தனிக் கற்கள் பதித்த முற்றத்தில் வைத்தால், களிமண் நிலம் உறைந்து இளகும்போது ஒரு மூலை தாழ்ந்து தொட்டி முறுகும். ஜெட் பொருத்துகளில் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். பம்ப் இருக்கும் பக்கத்தில் இரண்டரை அடியாவது ஆள் குனிந்து வேலை செய்ய இடம் விடுங்கள். மூடியைத் தூக்கி மடக்கும் கம்பி பொருத்துவதானால் பின்பக்கம் இன்னும் ஒன்றரை, இரண்டு அடி வேண்டும். கூரை விளிம்புக்கு நேர்கீழே வைத்தால் பனிக்கட்டி மூடியில்தான் விழும்.

மின்சாரத்தில் இரண்டு வகை. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் தொட்டிக்கு ஹீட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவாட். 1,400 லிட்டரை 5 பாகையிலிருந்து 38க்கு ஏற்ற 54 கிலோவாட் மணி தேவை, ஆக இரண்டு நாளுக்கு மேல். பெரும்பாலானவற்றில் ஜெட் ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும், ஜனவரியில் மூடியைத் திறந்து உட்கார்ந்தால் சூடு கண் முன்னே இறங்கும். 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் ஹீட்டர் அதையே பத்து மணி நேரத்தில் முடிக்கும். மூன்று பேருக்கு மேல் இறங்கும் வீட்டுக்கு 240தான் சரி. அதற்கு வழக்கமாக மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் 50 அம்பியர் ஜிஎஃப்சிஐ பிரேக்கரும் 6 கேஜ் செப்பு வயரும் வேண்டும். துண்டிக்கும் பெட்டி தொட்டியிலிருந்து 3 மீற்றர் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் பிடித்தால் அவர் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும், மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும். வீட்டுப் பனல் 100 அம்பியராக இருந்து, மின் அடுப்பு, துணி உலர்த்தி, மின்கார் சார்ஜர் எல்லாம் அதில் தொங்கினால், தொட்டிக்கு முற்பணம் கட்டும் முன்பே பாரக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

காற்றடைக்கும் தொட்டிகளைக் கோடைக்கு மட்டும் வையுங்கள். வெளி வெப்பநிலை 4 பாகைக்குக் கீழே போனால் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாவிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

வேலியும் பூட்டு மூடியும் பற்றிய விதி நகரத்துக்கு நகரம் மாறும். மார்க்கம் நகரத்தில் உள்ள நண்பர் சொன்னதைக் கேட்டு பிரம்டனில் வைக்காமல், உங்கள் நகரசபையையே கேளுங்கள்.

முற்பணம் கட்டும் முன்

வீட்டில் இறங்கப்போகும் எல்லோரையும் கடைக்கு அழைத்துப் போய், வெறும் தொட்டிக்குள் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். பத்து நிமிடம். முழங்கால்கள் எங்கே மோதுகின்றன, கட்டையான பிள்ளையின் வாய் தண்ணீர் மட்டக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கழுத்துக்குப் பின்னால் மெத்தை சரியான இடத்தில் படுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் கடையானால் குளியல் உடையோடு போய் இறங்கியே பார்க்கலாம். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பிறகு வீட்டுக்கு வந்து, தெருவிலிருந்து பின்வளவு வரை நாடா பிடித்து அளக்க வேண்டும். தொட்டியைப் படுக்கையாகக் கொண்டு வர மாட்டார்கள், பக்கவாட்டில் நிமிர்த்தித் தள்ளுவண்டியில் உருட்டுவார்கள். அப்போது 38 அங்குல உயரம்தான் அகலமாகிறது, ஏழரை அடி நிமிர்ந்து நிற்கும். வழி நெடுக 42 அங்குல அகலமும், வண்டியின் உயரத்தையும் சேர்த்து எட்டரை அடி உயரமும் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு இடையே நாலடிச் சந்து இருக்கிறது என்று நம்பியிருப்பீர்கள். அதில் எரிவாயு மீற்றர் பத்து அங்குலம் துருத்தி நிற்கும், ஏசி இயந்திரம் அரைச் சந்தை அடைக்கும், வேலிக் கதவு மூன்றடிதான் இருக்கும். ஒவ்வொரு இடைஞ்சலையும் படம் எடுத்து, அளவோடு கடைக்கு அனுப்புங்கள். வேலிப் பலகையைக் கழற்றினால் போகுமா, பாரந்தூக்கி கொண்டு வீட்டுக்கு மேலால் இறக்க வேண்டுமா என்பதை அவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள். பாரந்தூக்கிக்கு மேலே மின்கம்பி எதுவும் குறுக்கிடக் கூடாது, அதன் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும்.