12 வோல்ட் காட்டியும் மங்கலாக எரிந்த விளக்கு

12 வோல்ட் மின்கலத்துடன் இணைத்திருந்த 24 வாட் இழை விளக்கு திடீரென மங்கலாக எரியத் தொடங்கியது. விளக்கைக் கழற்றிவிட்டு அதன் ஹோல்டரில் மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட்டும் இருந்தது. விளக்கு, மின்கலம், சுவிட்ச் ஆகியவற்றை மாற்றியும் பயனில்லை. கம்பிகளின் தொடர்ச்சியைச் சோதித்தபோது, எங்கும் அறுபடவில்லை என்று காட்டும் விதமாக மீட்டர் தவறாமல் ஒலித்தது. சில ஓம் மின்தடை இருந்தாலும் அந்த ஒலி எழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்த பிறகுதான் பழுது பிடிபட்டது. மற்ற இணைப்புகளில் ஏறக்குறைய சுழியம். பச்சை படிந்த ஒரு முறுக்கிணைப்பில் மட்டும் 4 வோல்ட், ஆகவே விளக்குக்குக் கிடைத்தது 8 வோல்ட்தான். ஓம் விதிப்படி, மின்தடையில் வீழும் மின்னழுத்தம் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. விளக்கு இல்லாத நிலையில், மீட்டரின் சுமார் 10 மெகாஓம் உள்தடை வழியே ஏறத்தாழ 1 மைக்ரோஆம்பியர் மட்டுமே பாய்வதால், கெட்டுப்போன இணைப்பும் நல்லதாகவே தோற்றமளிக்கிறது. மின்கலத்தைத் துண்டித்து, கம்பி முனைகளைச் சுரண்டிச் சாலிடர் வைத்தேன். நாள்களை விழுங்கிய தொல்லை ஒழிந்தது பெரும் நிம்மதி. இப்போது அவ்விணைப்பில் வீழ்வது சில மில்லிவோல்ட் மட்டுமே.