கார்டு டெஸ்டின் இரண்டாவது கோடு: சினைப்பையிலிருந்து சிறுநீரகம் வரை ஒரே தாளில் வரையலாம்

நர்சிங் முதலாண்டு மாணவிகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கர்ப்பமா என்று பார்க்கும் கார்டு டெஸ்டுக்கு ஏன் காலையில் போகும் முதல் சிறுநீரைக் கேட்கிறார்கள்? பாதிப் பேர் "அதுதான் மிஸ் சுத்தமானது" என்பார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இனப்பெருக்கம் ஒரு நோட்டு, ஹார்மோன் ஒரு நோட்டு, சிறுநீரகம் ஒரு நோட்டு என்று பிரித்துப் படிப்பதால் வரும் வினை இது. எச்.சி.ஜி என்னும் கர்ப்ப ஹார்மோன் ஒன்றை மட்டும், அது சுரக்கும் இடத்திலிருந்து அட்டையில் கோடாக விழும் வரை விடாமல் பின்தொடர்ந்தால் மூன்று நோட்டும் ஒரு தாளில் அடங்கிவிடும். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் ஒன்று, பென்சில், சிவப்பு, நீலம், மஞ்சள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் சிவப்பு, ஹார்மோன் நீலம், சிறுநீர் மஞ்சள்.

படி 1: மேலே 28 கட்டம்

தாளின் மேல் ஓரத்தில் 28 சின்னக் கட்டங்கள் போடுங்கள். மாதவிடாய் தொடங்கும் நாள் 1. (எல்லாருக்கும் 28 நாளில் வராது, படத்துக்காக ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான்.) முதல் 5 கட்டங்களுக்குச் சிவப்பு தீட்டி, 14ஆம் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கருமுட்டை வெளிவரும் நாள் அது.

புள்ளிக்கு முன்னால் நடப்பது: மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடல் எஃப்.எஸ்.எச் என்னும் ஹார்மோனை அனுப்புகிறது, சினைப்பையில் நுண்ணறை (முட்டை இருக்கும் சின்னப் பை) வளர்கிறது, வளரும் நுண்ணறை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. இந்த ஈஸ்ட்ரோஜன் முதலில் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும். அளவு நன்றாக உயர்ந்து ஏறக்குறைய 2 நாள் அப்படியே நீடித்தால், அடக்கிய அதே ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியைத் தூண்டத் தொடங்குகிறது. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச் குபீரென்று எகிறுகிறது. எகிறத் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியே வந்துவிடும். தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இது. 14க்குச் சற்று முன் ஒரு நீல அம்பு போட்டு "இங்கே தடை தூண்டலாக மாறுகிறது" என்று எழுதி வையுங்கள்.

முட்டை போன பிறகு அந்தக் காலி நுண்ணறை கார்ப்பஸ் லூட்டியமாகிப் புரோஜெஸ்டிரான் சுரக்கிறது. அதன் ஆயுள் சுமார் 14 நாள். அது வாடினால் புரோஜெஸ்டிரான் விழும், கருப்பையின் உட்சவ்வு உதிரும், மறுபடி கட்டம் 1.

படி 2: 23ஆம் கட்டத்திலிருந்து ஒரு நீலக் கோடு

கருவுற்றால்? விந்தணுவும் முட்டையும் சேர்வது கருக்குழாயின் அகன்ற பகுதியில். அங்கிருந்து உருண்டு வந்து கருப்பைச் சுவரில் பதிய, முட்டை வெளியான நாளிலிருந்து 6 முதல் 10 நாள் ஆகும். நாம் 9 என்று வைத்துக்கொள்வோம்: 14 + 9 = 23.

பதியும் கருவின் வெளிப்புற செல்கள் எச்.சி.ஜி சுரக்கின்றன. இதன் ஆல்ஃபா சங்கிலியில் 92 அமினோ அமிலங்கள், எல்.எச், எஃப்.எஸ்.எச், டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டுவது) மூன்றிலும் இதே சங்கிலிதான். பீட்டா சங்கிலிதான் வேறு, அதிலும் எச்.சி.ஜியின் பீட்டாவும் எல்.எச்சின் பீட்டாவும் கிட்டத்தட்ட அக்கா தங்கை. அதனால் வாடப்போகும் கார்ப்பஸ் லூட்டியம், எல்.எச்தான் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு புரோஜெஸ்டிரானைத் தொடர்ந்து சுரக்கிறது. உட்சவ்வு உதிராமல் நிற்கிறது. நாள் தள்ளிப் போகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தொடக்க வாரங்களில் எச்.சி.ஜி ஏறக்குறைய 2 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 24ஆம் நாள் 5 அலகு என்று கொண்டால் 26இல் 10, 28இல் 20, 30இல் 40. சாதாரண அட்டைகள் பல 25 அலகைச் சுற்றித்தான் கோடு காட்டும். 25ஆம் நாளே அவசரப்பட்டுச் சோதித்து ஒற்றைக் கோடு பார்த்து அழுபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

படி 3: தாளின் நடுவே ஒரு நெஃப்ரான்

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்தான் நெஃப்ரான். நடுவில் பெரிதாக வரையுங்கள். ஒரு கிண்ணம், அதற்குள் நூல் சிக்கு மாதிரி ரத்தத் தந்துகிகள். கிண்ணம் பௌமன் உறை, சிக்கு குளோமெருலஸ். அங்கிருந்து சுருண்ட குழாய், கீழே இறங்கி ஏறும் ஹென்லே வளைவு, மறுபடி ஒரு சுருள், கடைசியில் நேராக இறங்கும் சேகரிப்பு நாளம். ஒரு சிறுநீரகத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம்.

மேல் தந்துகியில் சிவப்பு தீட்டி 125 என்று எழுதுங்கள். நிமிடத்துக்கு 125 மில்லி வடிகிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 180 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் 9 கேன்! வெளியே போவதோ ஒன்று, ஒன்றரை லிட்டர். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதுபோல எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோவதுதான் சிறுநீரகத்தின் வழி. முதல் சுருளிலேயே தண்ணீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும்.

நம்முடைய எச்.சி.ஜி இந்தச் சல்லடையில் நுழையுமா? அதன் எடை சுமார் 37,000 டால்டன். ரத்தப் புரதமான ஆல்புமின் 66,000க்கு மேல், போதாததற்கு எதிர்மின்னூட்டம் வேறு, அதனால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்திலேயே நின்றுவிடும். எச்.சி.ஜியில் ஒரு பங்கு நழுவிவிடுகிறது. நீலப் புள்ளிகள் நாலைந்தைக் கிண்ணத்துக்குள் போடுங்கள்.

படி 4: கடைசிக் குழாயில் கதவுகள்

அந்த முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது, ஆகவே நிதானமாக வரையுங்கள். சேகரிப்பு நாளத்தின் சுவரில் சின்னச் சின்னக் கதவுகள் போடுங்கள். இவை அக்வாபோரின்-2 என்னும் தண்ணீர் வழிகள். (செல்சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வழி உண்டு என்று கண்டறிந்ததற்குத்தான் பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல்.) கதவு எப்போதும் சுவரில் இருக்காது. செல்லுக்குள் சின்னப் பைகளில் காத்திருக்கும். ஹைப்போதலாமஸில் உருவாகிப் பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வரும் ஏ.டி.எச் (தண்ணீரை உடலில் தக்கவைக்கும் ஹார்மோன்) தொட்டால்தான் சுவருக்கு ஏறும். கதவு ஏறியதும் தண்ணீர் தானாக வெளியே இழுபடுகிறது, ஏனெனில் நாளத்தைச் சூழ்ந்த உட்பகுதியில் உப்பும் யூரியாவும் அவ்வளவு அடர்த்தி: ரத்தத்தில் 290 மில்லிஆஸ்மோல் என்றால் அங்கே ஆழத்தில் 1,200 வரை.

இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏ.டி.எச் ஏறுகிறது, கதவுகள் ஏறுகின்றன, சிறுநீர் கெட்டியாகிறது. இப்போது ஒரு மாணவி காலையில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுச் சோதிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குளோமெருலஸில் வடியும் 125 மாறவில்லை, அதில் நழுவும் எச்.சி.ஜியும் மாறவில்லை. ஏ.டி.எச் இறங்கிவிட்டதால் கதவுகள் உள்ளே போய்விட்டன. நிமிடத்துக்கு 1 மில்லியாக வந்த சிறுநீர் 10 மில்லியாக வந்தால், அதே எச்.சி.ஜி பத்து மடங்கு நீர்த்துப் போகும். 40 இருந்தது 4. ஒற்றைக் கோடு.

தண்ணீர் குடித்தால் வடிகட்டல் கூடும் என்று எழுதும் விடைத்தாள்கள் எனக்கு வருஷா வருஷம் வருகின்றன. சிவப்புப் பேனாவில் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள்.

படி 5: மஞ்சள் கோடு, அட்டை

நாளத்திலிருந்து மஞ்சள் கோட்டை இழுத்துத் தாளின் ஓரத்தில் அட்டையோடு முடியுங்கள். அட்டைக்குள் இருக்கும் தங்கத் துகள்களில் எதிர்பொருள், அதாவது எச்.சி.ஜியைப் பிடிக்கும் புரதம், ஒட்டியிருக்கிறது (தங்கம் அவ்வளவு நுண்ணியதானால் சிவப்பாகத்தான் தெரியும்). எச்.சி.ஜி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி, டி கோட்டில் (சோதனைக் கோடு) இருக்கும் இன்னோர் எதிர்பொருளிடம் சிக்கும். அங்கே சிவப்பு. சி கோட்டுக்கு (சரிபார்ப்புக் கோடு) எச்.சி.ஜி தேவையில்லை, துகள்கள் அதுவரை ஓடி வந்ததா என்று மட்டும் சொல்லும். சி விழவில்லையென்றால் அட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

1928இல் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் இதே விஷயத்தைக் கண்டுபிடிக்க, பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டுச் சில நாள் கழித்து அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள்.

படி 6: ஒரு திரும்பும் அம்பு

முடிந்தது என்று பேனாவை மூடாதீர்கள். கருப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஒரு நீல அம்பு வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீரக ரத்தக்குழாய்கள் விரிகின்றன. இதில் கார்ப்பஸ் லூட்டியம் சுரக்கும் ரிலாக்ஸின் என்னும் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. வடிகட்டல் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுகிறது. படத்தில் 125க்குப் பக்கத்தில் 185 என்று எழுதுங்கள். தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் அதிகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் அது குறைந்து டெசிலிட்டருக்கு 0.5 மி.கி. பக்கம் வந்துவிடும். வெளி நோயாளிப் பிரிவில் ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.0 என்று இருந்து, அச்சிட்ட அளவுக்குள் இருக்கிறதே என்று வைத்துவிடத் தோன்றினால், இந்த அம்பை நினைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.