தெருவைச் சோதனையாக அடைக்கும் திட்டத்தில் குடியிருப்போரின் கருத்தைக் கேட்பது எப்படி

லண்டனின் போரோ (நகர உட்பிரிவு) கவுன்சில்கள், ஒரு முதன்மைச் சாலையிலிருந்து இன்னொன்றுக்குக் குடியிருப்புத் தெருக்களின் வழியே குறுக்காகப் பாயும் வாகனங்களைத் தடுப்பதற்காக, தெருவின் நடுவே பூத்தொட்டிகளையோ தடுப்புக் கம்பங்களையோ எண்பலகையைப் படிக்கும் கேமராக்களையோ வைக்கின்றன. அப்படி அடைக்கப்பட்ட பகுதியில் நடந்தும் மிதிவண்டியிலும் எங்கும் போகலாம். எந்த வீட்டு வாசலுக்கும் காரில் போய்ச் சேரலாம். பகுதியை ஊடுருவி மறுபக்கம் போவதற்கு மட்டுமே வழியிருக்காது. இவற்றில் பல திட்டங்கள் முதலில் சோதனையாகவே தொடங்கப்படுகின்றன. அந்தச் சோதனையைப் பற்றிக் குடியிருப்போரிடம் கருத்துக் கேட்கும் பொறுப்பில் இருக்கும் வார்டு கவுன்சிலர்களுக்கும், குடியிருப்போர் சங்கத்தினருக்கும், அவர்களுக்கு உதவும் தமிழ்த் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எதற்கும் முன்பாக ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அடைப்பு வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்டால் கிடைப்பது காருக்கு ஆதரவும் எதிர்ப்புமாக இரண்டு கட்சிகளே தவிர, திட்டத்தைச் சீராக்க உதவும் தகவல் அல்ல. திட்டத்தில் எவையெல்லாம் இன்னும் மாறக்கூடியவை, எந்த விளைவு ஏற்பட்டால் அடைப்பு எடுக்கப்படும் என்பவற்றை எழுதி வெளியிட்ட பிறகு கேட்டால்தான் சோதனை என்பதற்குப் பொருள் இருக்கும்.

சட்டம் வகுத்துள்ள காலம்

இங்கிலாந்தில் இத்தகைய அடைப்புகளுக்கு அடிப்படை 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் ஆகும். அச்சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் சோதனை ஆணை அதிகபட்சம் 18 மாதங்கள் நடைமுறையில் இருக்கலாம். ஆணை நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும். காவல்துறையிடமும், பாதிக்கப்படக்கூடிய இடங்களில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேருந்துச் சேவைகளிடமும் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும். ஆனால் நிரந்தர ஆணைக்கு இருப்பதுபோல, பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆணைக்கு முன்பே பெற வேண்டும் என்ற கட்டாயம் சோதனை ஆணைக்கு இல்லை. நடைமுறைக்கு வந்த முதல் 6 மாதங்களே ஆட்சேபக் காலம். அதற்குள் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இந்த ஏற்பாட்டை அறியாத குடியிருப்போர், விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள், அல்லது தங்களைக் கேட்காமலே செய்துவிட்டார்கள் என்று கோபம் கொள்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின்போது, நடப்பதற்கும் மிதிவண்டிக்குமாக 25 கோடி பவுண்டு அவசர நிதியை அறிவித்த பிரிட்டன் அரசு, பணிகளைச் சில வாரங்களுக்குள் தொடங்குமாறு கவுன்சில்களை நெருக்கியது. பல இடங்களில் பூத்தொட்டிகள் முதலில் வந்தன, விளக்கக் கடிதங்கள் பின்னால் வந்தன. வான்ட்ஸ்வொர்த் கவுன்சில் அதே ஆண்டு செப்டம்பரிலேயே தன் திட்டங்களை நிறுத்திவைத்தது. எனவே, சட்டம் கேட்காவிட்டாலும், ஆணைக்கு முன் ஒரு சுற்றும், ஆணை நடைமுறையில் இருக்கும்போது ஒரு சுற்றுமாக இரு கட்டங்களில் கருத்துக் கேட்பதே என் பரிந்துரை.

அட்டவணை போடும்போது இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. சோதனையின் நடுவே ஆணையில் திருத்தம் செய்தால், அத்திருத்தத்தின்மீது ஆட்சேபிக்க மீண்டும் 6 மாதங்கள் தர வேண்டும். மொத்தக் காலம் 18 மாதங்கள் என்பதால், நிரந்தரமாக்கும் வழியைத் திறந்துவைக்க விரும்பும் கவுன்சில் தன் கடைசித் திருத்தத்தை 12 மாதங்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். மக்களின் கருத்தை ஓராண்டு கழித்துத்தான் தொகுக்கப் போகிறோம் என்றால், அதைக் கொண்டு எதையும் மாற்றுவதற்கு அப்போது காலம் இருக்காது. மூன்றாம் மாத முடிவிலும் ஆறாம் மாத முடிவிலும் தொகுத்துப் பார்ப்பது பயன்தரும்.

நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பது

பிரென்ட் போரோவில் பள்ளிகளை மூடுவது தொடர்பாக 1985இல் நடந்த வழக்கொன்றில் முன்வைக்கப்பட்ட நான்கு நெறிகளே இன்றும் இங்கிலாந்தில் கருத்துக்கேட்பின் அளவுகோலாக உள்ளன. ஹாரிங்கே கவுன்சில் தொடர்பான 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களையும் தகவல்களையும் தர வேண்டும். போதுமான அவகாசம் அளிக்க வேண்டும். வந்த பதில்களை மனச்சான்றோடு கருத்தில் கொள்ள வேண்டும்.

கவுன்சில்கள் பெரும்பாலும் தடுமாறுவது நான்காவதில்தான். லாம்பெத் போரோவின் வெஸ்ட் டல்விச் திட்டத்தை 2025 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. தெருவை அடைக்கும் எண்ணம் தவறு என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. உள்ளூர்வாசிகள் தயாரித்து அளித்த 53 பக்க ஆவணத்தை முடிவெடுக்கும்போது கவுன்சில் கருத்தில் கொள்ளவில்லை என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்த காரணமாக அமைந்தது. ஆகவே, நீண்ட மறுப்புரை ஒன்று வந்து சேரும்போது அதை எண்ணிக்கையில் "எதிர்ப்பு: ஒன்று" என்று பதிந்துவிட்டு நகராமல், அதிலுள்ள ஒவ்வொரு வாதத்துக்கும் எழுத்தில் பதில் தயாரிக்கும் அலுவலர் ஒருவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும்.

அடைப்பதற்கு முன் அளந்துவையுங்கள்

முதற்கட்டக் கருத்துக்கேட்புக்குப் போகும் முன், உள்தெருக்களிலும் சுற்றியுள்ள எல்லைச் சாலைகளிலும் வாகன எண்ணிக்கையையும் வேகத்தையும் எடுத்துவைக்க வேண்டும். சாலையின் குறுக்கே பதிக்கும் ரப்பர்க் குழாய்க் கருவியால் ஒரு முழு வாரத்துக்கு இரவும் பகலும் எண்ணலாம். ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரையிலான பள்ளி விடுமுறையிலும், பருவ நடு விடுமுறை வாரத்திலும் எடுத்த எண்ணிக்கை ஒப்பீட்டுக்கு உதவாது. எதிர்ப்பாளர்கள் அதை முதல் கூட்டத்திலேயே சுட்டிக்காட்டுவார்கள், அது சரியான ஆட்சேபமும்கூட.

காற்றின் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவை எடுக்கும் சிறு குழாய்கள் ஏறத்தாழ ஒரு மாதம் தொங்கவிடப்பட்டு மாதச் சராசரியைத் தருபவை. பருவத்துக்கேற்ப அந்த அளவு ஏறி இறங்குவதால், இரண்டு மாதங்களில் காற்று தூய்மையாகிவிட்டது என்று எவரும் உறுதி கூறக் கூடாது. விபத்துகளிலும் அதே எச்சரிக்கை தேவை. காயம் ஏற்பட்ட மோதல்களைக் காவல்துறை பதிவுசெய்கிறது என்றாலும், ஒரு சிறு குடியிருப்புப் பகுதியில் 18 மாதங்களில் பதிவாகும் மோதல்கள் மிகச் சிலவே. அந்த எண் இரண்டு குறைந்தது என்பதைக் கொண்டு திட்டம் வென்றது என்றோ, ஒன்று கூடியது என்பதைக் கொண்டு தோற்றது என்றோ சொல்ல இயலாது. பாதுகாப்பை மதிப்பிட, உள்தெருவின் வாகன எண்ணிக்கை, வேகம், தெருவைக் கடக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவையே அந்தக் கால அளவில் நம்பத்தக்கவை.

இவற்றை வைத்து அளவுகோலை வெளியிடுங்கள். எல்லைச் சாலையில் பேருந்தின் பயண நேரம் எவ்வளவு கூடினால் திட்டம் திருத்தப்படும், ஆம்புலன்ஸ் சேவை எத்தகைய தாமதத்தைத் தெரிவித்தால் கம்பத்துக்குப் பதிலாகக் கேமரா வைக்கப்படும், எந்த நிலையில் அடைப்பு முழுவதுமாக எடுக்கப்படும் என்பவை முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இதை எழுதத் தயங்கும் கவுன்சில், மனத்தளவில் முடிவை எடுத்துவிட்டது என்ற ஐயத்துக்குத் தானே இடம் கொடுக்கிறது.

யாரிடம் கேட்பது

அடைக்கப்படும் தெருவில் வசிப்போர் மட்டும் பதில் சொன்னால் ஆதரவு கூடுதலாகத் தெரியும். எல்லைச் சாலையில் வசிப்போர் மட்டும் சொன்னால் எதிர்ப்பு மேலோங்கும். கடைகளுக்கு மேலுள்ள அடுக்கு வீடுகளில் வாடகைக்கு இருப்போர் பலர் எல்லைச் சாலைகளில்தான் வசிக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சொந்தக் கார் இல்லை, ஆனால் திசைமாறி வரும் வாகனங்களின் புகையும் இரைச்சலும் அவர்களுடைய சன்னலைத்தான் வந்தடையும். எனவே கடிதம் எல்லைச் சாலையின் இரு பக்கங்களுக்கும் போக வேண்டும், பதில்களும் உள்தெரு, எல்லைச் சாலை, வெளிப்பகுதி என்று பிரித்தே வெளியிடப்பட வேண்டும். இதற்கு அஞ்சல் குறியீடு போதும். ஒரு குறியீடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளை உள்ளடக்குவதால், பெயரையோ வீட்டு எண்ணையோ கேட்காமலே பதில் எங்கிருந்து வந்தது என்று அறியலாம்.

மாற்றுத்திறனாளிகளின் நிலையைத் தனியே கேட்டறிவது விருப்பத்தைப் பொறுத்த செயல் அல்ல. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொது அமைப்புகளின்மீது சுமத்தும் கடமை அது. புளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தச் சலுகை அட்டை) வைத்திருப்போருக்குக் கேமரா வழியில் விலக்கு உண்டா, அவ்விலக்கு ஒரே வாகனத்துக்கா, அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகளின் காருக்கும் பொருந்துமா என்பன போன்ற நுணுக்கங்களைப் படிவத்தின் ஒரு பெட்டியில் கேட்டு முடிக்க இயலாது. நேரில் அல்லது தொலைபேசியில் பேச வேண்டும். வீடுவீடாகப் போகும் பராமரிப்புப் பணியாளர்களும், சரக்கு விநியோகம் செய்வோரும், மினிகேப் (முன்பதிவு வாடகைக் கார்) ஓட்டுநர்களும் வேறு போரோவில் வசித்தாலும் இத்தெருக்களில்தான் பிழைக்கிறார்கள் என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், ஹாரோ போன்ற தமிழர் செறிந்த பகுதிகளில் இன்னொரு இடைவெளி இருக்கிறது. கவுன்சிலின் ஆங்கிலக் கடிதத்தை வீட்டின் இளையவர் படித்து ஓரமாக வைத்துவிடுகிறார். நாள்தோறும் அந்தத் தெருவில் நடந்து கோயிலுக்கும் கடைக்கும் போகும் பாட்டிக்கு அது சென்று சேர்வதில்லை. முழு ஆவணத்தையும் மொழிபெயர்ப்பதைவிட, பெரிய எழுத்தில் ஒரு பக்கத் தமிழ்த் தாளும், தெருப்பெயர்களும் கடைகளும் குறிக்கப்பட்ட ஒரு வரைபடமும் கூடுதல் பயன் தரும். வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு மேசையைப் போட்டு, தமிழ் பேசும் ஒருவர் அமர்ந்து, சொல்பவரின் பதிலை அவர் முன்னிலையிலேயே எழுதி வாசித்துக் காட்டுவது நல்லது. எழுதுபவர் திட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ அங்கே வாதிடக் கூடாது. மளிகைக் கடைக்காரர்களிடம் வியாபாரம் குறையுமா என்று கேட்டால் குறையும் என்றுதான் சொல்வார்கள். சரக்கு வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக வந்து, எங்கே திரும்புகிறது என்று கேட்டால் வடிவமைப்புக்கு உதவும் பதில் கிடைக்கும்.

கேள்வித்தாளும் கூட்டமும்

"பாதுகாப்பான தெருக்களை ஆதரிக்கிறீர்களா?" என்பது கேள்வியே அல்ல, மறுக்க இயலாததைக் கேட்டு, கிடைத்த ஒப்புதலை அடைப்புக்கான ஒப்புதலாகக் காட்டும் தந்திரம் அது, அதை மக்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஒவ்வொரு அடைப்பிடத்தையும் பற்றித் தனித்தனியே கேளுங்கள். இந்தச் சந்திப்பை அடைத்தால் உங்களுடைய எந்தப் பயணம் மாறும், வாரத்தில் எத்தனை முறை அப்பயணம் மேற்கொள்கிறீர்கள், அடைப்பை அடுத்த சந்திப்புக்கு நகர்த்தினால் நிலைமை மாறுமா, நாள் முழுவதும் அல்லாமல் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மட்டும் அடைத்தால் போதுமா என்பவை பதிலளிக்கக்கூடிய கேள்விகள். வாகனம் குறைந்த தெருவில் இரவில் தனியாக நடக்க அச்சமாக இருக்கிறது என்று பெண்கள் சிலர் சொல்வதுண்டு; தெருவிளக்கைப் பற்றிய கேள்வி ஒன்றும் இருக்கட்டும். கேமராவை மீறினால் அபராதம் உண்டு என்பதையும், தொடக்க வாரங்களில் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பப்படுமா என்பதையும் தாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பெரிய மண்டபக் கூட்டத்தில் குரல் உயர்ந்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். மேசைமேல் வரைபடத்தை விரித்து, வந்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடிக் குறித்துப் பேச விடும் திறந்த அமர்வுகளும், காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் இருந்து தொடங்கும் தெருநடையும் அதைவிடப் பயன்தருபவை. திட்டத்தை முன்மொழிந்த கவுன்சிலர் எந்த அமர்வுக்கும் தலைமை ஏற்காமல் இருப்பது நல்லது. ஆகஸ்ட் மாதத்தையும் கிறிஸ்துமஸ் வாரங்களையும் தவிர்த்து ஆறு முதல் எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். போரோ தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தில் வருவதால், அதற்கு முந்தைய ஏறத்தாழ ஆறு வாரங்களையும் விட்டுவிடுங்கள்.

பதில்களைத் தொகுப்பதும் முடிவும்

கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ஆர்வமோ ஆத்திரமோ உள்ளவர்கள்தான் பெரும்பாலும் பதில் அனுப்புகிறார்கள். எனினும், ஈலிங் கவுன்சில் 2021இல் குடியிருப்போரின் பெரும்பான்மைக் கருத்தை ஏற்றுத் தன் அடைப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்தது. அதுவும் ஒரு கொள்கைதான். எந்தக் கொள்கையைப் பின்பற்றப் போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிக்காமல், எண்ணிக்கை சாதகமாக வந்தால் அதைக் காட்டுவதும், பாதகமாக வந்தால் இது வாக்கெடுப்பு அல்ல என்பதும்தான் ஏற்கத்தகாதவை. பணவசதி இருந்தால், வயது, பால், இனம், கார் உடைமை ஆகியவற்றில் அப்பகுதியை ஒத்த ஒரு மாதிரிக் குழுவிடம் தனிக் கணக்கெடுப்பு நடத்தி, இரண்டின் முடிவுகளையும் அருகருகே வெளியிடலாம்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே அறிக்கை மக்கள் கைக்குப் போய்விட வேண்டும். திரும்பத் திரும்ப எழுந்த ஒவ்வொரு கருத்துக்கும், அது ஏற்கப்பட்டதா, ஏற்கப்பட்டால் வடிவமைப்பில் என்ன மாறியது, ஏற்கப்படவில்லை என்றால் ஏன் என்பது அதில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் வெளியிட்ட அளவுகோல்களுக்கு எதிரே, தவறிய எண்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். நிரந்தர ஆணை பிறப்பிக்கப்பட்டால், அந்நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதையும் அறிவிப்பில் சேருங்கள். அடைப்பை எடுப்பதென்று முடிவானால், எந்த நாளில் கம்பங்கள் அகற்றப்படும், கேமரா எப்போது நிறுத்தப்படும், குறுக்குவழி வாகனங்கள் திரும்பி வரும் அந்தத் தெருவில் பள்ளிக் குழந்தைகள் கடக்க வேறு என்ன ஏற்பாடு செய்யப்படும் என்பவற்றை அதே கடிதத்தில் தெரிவிக்க வேண்டும்.